கர்ப்பகாலச் சோர்வும் உறக்கக் குறைவும்: எது இயல்பு, எதைப் பரிசோதிக்க வேண்டும்?

கர்ப்பிணித் தாய்மார்கள் பரிசோதனைக்கு வரும்போது மிகுதியாகக் கூறும் குறைகள் இரண்டு. ஒன்று, உடல் அசதி. மற்றொன்று, இரவில் உறக்கமின்மை. பெரும்பாலும் இவை கர்ப்பகாலத்தில் உடலில் ஏற்படும் இயல்பான மாற்றங்களின் விளைவே. முறையான ஓய்வினாலும் சில எளிய பழக்கங்களாலும் குறையக்கூடியவை. ஆயினும், "பிள்ளைத்தாய்ச்சி என்றால் அசதி இருக்கத்தான் செய்யும்" என்று எல்லாச் சோர்வையும் ஒரே கணக்கில் எழுதிவிடக் கூடாது. இரத்தசோகை, தைராய்டு குறைபாடு, உயர் இரத்த அழுத்தம், இதய நோய், மனச்சோர்வு ஆகியவையும் முதலில் வெறும் அசதியாகவே தோன்றலாம். உங்கள் சோர்வு எவ்வகையைச் சேர்ந்தது என்று அறியவும், அதனைச் சமாளிக்கவும் இப்பக்கம் உதவும். குடும்பத்தினரும் இதனைப் படிக்க வேண்டும்.

சோர்வு ஏன் ஏற்படுகிறது?

முதல் மூன்று மாதங்களில் வயிறு வெளியே தெரியாவிட்டாலும் உடலின் வேலை தொடங்கிவிடுகிறது. கர்ப்பத்தைத் தாங்குவதற்காகப் புரோஜெஸ்டிரான் என்னும் ஹார்மோன் அதிக அளவில் சுரக்கிறது. இதற்கு உறக்கத்தைத் தூண்டும் தன்மை உண்டு. எனவேதான் பகலிலும் கண் சொக்குகிறது. குமட்டலாலும் வாந்தியாலும் உணவு குறைவதும் சோர்வைக் கூட்டுகிறது. இக்காலத்தில் உறங்குவது சோம்பல் அன்று.

நான்காம் மாதம் முதல் ஆறாம் மாதம் வரை பலருக்கு உடல் சற்றுத் தெளிவடையும். ஆனால் இதற்குள் உடலில் ஓடும் இரத்தத்தின் அளவு பெருகத் தொடங்கியிருக்கும். கர்ப்பகால இறுதிக்குள் அது முன்பிருந்ததைவிட ஏறத்தாழ 40 முதல் 50 விழுக்காடு வரை கூடுகிறது. இதயம் நாள் முழுவதும் கூடுதலாக உழைக்கிறது. இரத்தத்தின் நீர்ப்பகுதி பெருகும் அளவிற்குச் சிவப்பணுக்கள் பெருகுவதில்லை. முன்பே இரும்புச்சத்து குறைந்திருக்கும் தாய்க்கு இந்நிலையில் இரத்தசோகை வெளிப்படுகிறது.

கடைசி மூன்று மாதங்களில் உறக்கமே பெரிய சிக்கலாகிறது. அடிக்கடி சிறுநீர் கழித்தல், நெஞ்செரிச்சல், இடுப்பு வலி, கெண்டைக்கால் பிடிப்பு, குழந்தையின் அசைவு, மகப்பேறு குறித்த அச்சம் என ஒன்று மாற்றி ஒன்று எழுப்பிவிடும். இரவில் உறக்கம் கெட்டால் பகலில் அசதி கூடும். அசதியோடு வேலையை முடித்துப் படுத்தால் உடல் வலியால் மீண்டும் உறக்கம் கெடும். இச்சுழலை உடைக்கப் பகல் ஓய்விலும் இரவுப் பழக்கத்திலும் ஒருசேரக் கவனம் செலுத்த வேண்டும்.

எவ்வளவு ஓய்வு தேவை?

இரவில் 8 மணி நேரமும் பகலில் குறைந்தது 2 மணி நேரமும் ஓய்வு தேவை. பகல் ஓய்வை ஒரே மூச்சாக எடுக்க இயலாதவர்கள் பிரித்து எடுக்கலாம். காலை வேலை முடிந்ததும் அரை மணி நேரம், மதிய உணவுக்குப் பின் ஒரு மணி நேரம், மாலையில் அரை மணி நேரம் என்று அமைத்துக்கொள்ளலாம். உறக்கம் வராவிட்டாலும் படுத்திருத்தல் போதுமானது. மாலை 4 மணிக்குப் பின் நெடுநேரம் உறங்கினால் இரவு உறக்கம் தள்ளிப்போகும், அதனைத் தவிர்க்கவும்.

வீட்டிலோ அலுவலகத்திலோ பெரும்பாலும் அமர்ந்தே இருப்பவர்கள், மருத்துவர் தடை கூறாத நிலையில், நாள்தோறும் அரை மணி நேரம் நடப்பது நல்லது. அளவான நடை சோர்வைக் குறைத்து இரவு உறக்கத்தை வரவழைக்கும். வயல் வேலை, கட்டட வேலை, நெடுநேரம் நின்றுகொண்டு செய்யும் ஆலை வேலை ஆகியவற்றில் உள்ளவர்களுக்கு இவ்வறிவுரை பொருந்தாது. அவர்களுக்குத் தேவை கூடுதல் நடை அன்று. கால்களை உயர்த்தி வைத்து அமரும் இடைவேளையே. கனமான சுமை தூக்குவதையும் உச்சி வெயிலில் வேலை செய்வதையும் தவிர்க்க வேண்டும்.

சட்டப்படி மகப்பேறு விடுப்புப் பெறத் தகுதியுள்ள பணியாளர்கள், முதல் இரு குழந்தைகளுக்கு வழங்கப்படும் 26 வார ஊதிய விடுப்பில் 8 வாரங்கள் வரை மகப்பேற்றுக்கு முன்பே எடுத்துக்கொள்ளலாம். உடல் இடங்கொடாத நிலையில் கடைசி நாள் வரை பணிக்குச் செல்ல வேண்டும் என்று எண்ண வேண்டாம்.

இரவில் நன்கு உறங்குவதற்கான வழிகள்

படுக்கும் நிலை: 28 வாரங்களுக்குப் பின் உறங்கச் செல்லும்போது ஒருக்களித்துப் படுக்க வேண்டும். மல்லாந்து படுத்தால் கனத்த கருப்பை பெரிய இரத்தக்குழாயை அழுத்தி, இதயத்திற்கும் குழந்தைக்கும் செல்லும் இரத்தத்தைக் குறைக்கிறது. இடப்பக்கம் சிறந்தது; வலப்பக்கமும் ஏற்கத்தக்கதே. உறக்கத்தில் அறியாமல் மல்லாந்துவிட்டால் அஞ்ச வேண்டாம். விழிப்பு வந்ததும் பக்கவாட்டில் திரும்பிப் படுத்தால் போதும். மடித்த பழைய புடவை ஒன்றை முழங்கால்களுக்கு இடையிலும், இன்னொன்றை வயிற்றுக்கு அடியிலும், மற்றொன்றை முதுகுக்குப் பின்னும் வைத்துக்கொண்டால் இடுப்பு வலி குறையும். மல்லாந்து புரள்வதும் தடுக்கப்படும்.

திரும்பிப் படுத்தல்: படுத்தவாறே ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் திரும்பினால் குழந்தையின் கழுத்தில் கொடி சுற்றிக்கொள்ளும் என்றும், ஒவ்வொரு முறையும் எழுந்து அமர்ந்துதான் திரும்ப வேண்டும் என்றும் பல வீடுகளில் கூறப்படுகிறது. இதற்கு மருத்துவ அடிப்படை இல்லை. நீர்க்குடத்தினுள் குழந்தை தானே புரள்வதால்தான் கொடி சுற்றுகிறது. தாய் திரும்பிப் படுப்பதால் அன்று. இரவில் பத்து முறை எழுந்து அமரும் தாய்க்கு உறக்கம் ஏது? படுத்தவாறே மெல்லத் திரும்பிக்கொள்ளுங்கள். பாயிலிருந்தோ கட்டிலிலிருந்தோ எழும்போது மட்டும் முதலில் ஒருக்களித்து, கையை ஊன்றி, சிறிது அமர்ந்த பின் எழுங்கள். இதனால் இடுப்பு வலியும் தலைசுற்றலும் தவிர்க்கப்படும்.

சிறுநீர்: அடிக்கடி எழ வேண்டியிருக்கிறது என்பதற்காகத் தண்ணீரைக் குறைக்கக் கூடாது. பகலில் நிறையக் குடித்து, படுக்கைக்கு முந்தைய இரண்டு மணி நேரத்தில் மட்டும் அளவைக் குறைக்கவும். கழிவறைக்குச் செல்லும் வழியில் சிறு விளக்கு எரியட்டும். தரை ஈரமின்றி இருக்கட்டும். கழிவறை வீட்டிற்கு வெளியே இருந்தால் இரவில் துணையுடன் செல்லவும். சிறுநீர் கழிக்கையில் எரிச்சல், அடிவயிற்று வலி, காய்ச்சல் இருந்தால் அது சிறுநீர்த் தொற்றாக இருக்கலாம். மறுநாளே பரிசோதிக்க வேண்டும்.

நெஞ்செரிச்சல்: இரவு உணவை 7.30 மணியளவில் முடித்து, குறைந்தது இரண்டு மணி நேரம் கழித்துப் படுக்கவும். காரம், புளிப்பு, எண்ணெய்ப் பலகாரங்களை இரவில் தவிர்க்கவும். ஒரே வேளையில் வயிறு நிறைய உண்பதைவிட ஐந்தாறு வேளையாகப் பிரித்து உண்பது நல்லது. தலைப்பக்கத்தைச் சற்று உயர்த்திப் படுக்கவும்.

கால் பிடிப்பு: கெண்டைக்கால் இழுத்துப் பிடித்தால் முழங்காலை நீட்டி, பாதத்தின் விரல்களை முகத்தை நோக்கி மடக்கவும், பிடிப்பு விட்டபின் மெல்லத் தேய்க்கவும். படுக்குமுன் கெண்டைக்காலை இவ்வாறு சில முறை நீட்டி மடக்குவது பயன் தரும். ஒரே கால் மட்டும் வீங்கி, சூடாகி, தொடர்ந்து வலித்தால் தேய்க்கக் கூடாது. இரத்தம் உறைந்திருக்க வாய்ப்புண்டு. உடனே மருத்துவமனைக்குச் செல்லவும்.

காபி, தேநீர்: நாளொன்றுக்கு இரண்டு சிறு குவளைக்கு மேல் வேண்டாம், மாலை 4 மணிக்குப் பின் அறவே வேண்டாம். இவை உறக்கத்தைக் கெடுப்பதோடு, உணவுடன் அருந்தினால் இரும்புச்சத்து உடலில் சேர்வதையும் தடுக்கின்றன.

படுக்கை அறை: கோடைக்காலத்தில் படுக்குமுன் உடல் கழுவி, தளர்வான பருத்தி ஆடை அணியவும். கொசுவலை கட்டாயம் பயன்படுத்தவும். உறக்கத்திற்கும் டெங்கு போன்ற காய்ச்சல்களிலிருந்து காப்பதற்கும் அது உதவும். படுக்கைக்கு அரை மணி நேரத்திற்கு முன்பே கைபேசியைத் தள்ளி வைக்கவும். உறக்கம் வராவிட்டால் புரண்டுகொண்டு மணியைப் பார்த்திருக்க வேண்டாம். எழுந்து அமர்ந்து மெல்லிய இசை கேட்டோ மூச்சை மெதுவாக இழுத்து விட்டோ இருந்து, கண் அயரும்போது மீண்டும் படுக்கவும்.

மருந்து: தூக்க மாத்திரை, ஒவ்வாமை மாத்திரை, நாட்டு மருந்து எதுவாயினும் மருத்துவர் அறிவுரையின்றி உட்கொள்ளக் கூடாது. முன்பிருந்தே மனநலம், வலிப்பு, தைராய்டு ஆகியவற்றுக்கு மருந்து எடுத்து வருபவர்கள் அவற்றைத் தாமாக நிறுத்தவும் கூடாது. முதல் பரிசோதனையிலேயே மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.

சோர்வுக்குப் பின்னால் இரத்தசோகை இருக்கிறதா?

2019–21ஆம் ஆண்டின் தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் கர்ப்பிணிகளுள் நூற்றுக்கு 52 பேருக்கு இரத்தசோகை உள்ளது. ஆகவே, அசதி என்று சொல்லும் எந்தத் தாய்க்கும் முதலில் பார்க்க வேண்டியது ஹீமோகுளோபின் அளவே. கர்ப்பிணிக்கு அது 11 கிராமுக்குக் குறைந்தால் இரத்தசோகை. 7 கிராமுக்குக் கீழ் சென்றால் கடுமையான இரத்தசோகை. கடுமையான நிலையில் தாயின் இதயமே செயலிழக்கக்கூடும். மகப்பேற்றின்போது ஏற்படும் சாதாரண இரத்தப்போக்கைக்கூட அவரது உடல் தாங்காது. ஆறாம் மாதத்தில் கண்டறிந்தால் மாத்திரையாலோ ஊசி மருந்தாலோ சரிசெய்யப் போதிய காலம் இருக்கிறது. மகப்பேற்று வலி தொடங்கிய பின் கண்டறிந்தால் அக்காலம் இல்லை.

முதல் மூன்று மாதங்களில் ஃபோலிக் அமில மாத்திரையும், நான்காம் மாதம் முதல் குறைந்தது 180 நாட்களுக்கு இரும்புச்சத்து மாத்திரையும் அரசு மருத்துவ நிலையங்களில் விலையின்றி வழங்கப்படுகின்றன. அவற்றைப் பெறுவதைவிட முறையாக உட்கொள்வதே முக்கியம்.

• எலுமிச்சைச் சாறு கலந்த நீருடன் உட்கொண்டாலோ, உடன் நெல்லிக்காய் அல்லது கொய்யாப்பழம் உண்டாலோ சத்து நன்கு சேரும்.
• தேநீர், காபி, பால் ஆகியவற்றுடன் உட்கொள்ளக் கூடாது.
• கால்சியம் மாத்திரையையும் இரும்புச்சத்து மாத்திரையையும் ஒன்றாக உட்கொள்ளக் கூடாது. குறைந்தது இரண்டு மணி நேர இடைவெளி தேவை.
• வெறும் வயிற்றில் குமட்டினால், இரவு உணவுக்குப் பின் உட்கொள்ளலாம்.
• மலம் கறுத்துப் போவது இயல்பு. மலச்சிக்கல் ஏற்பட்டால் கீரை, பழம், தண்ணீர் ஆகியவற்றைக் கூட்டவும். அப்போதும் தொல்லை நீங்காவிட்டால் மருத்துவரிடம் கூறி மாற்று மருந்து பெறவும். மாத்திரையைத் தூர எறிய வேண்டாம்.

இரும்புச்சத்து மாத்திரை உண்டால் குழந்தை கறுப்பாகப் பிறக்கும் என்பது தவறான நம்பிக்கை. குழந்தையின் நிறத்திற்கும் மாத்திரைக்கும் தொடர்பில்லை. அதுபோலவே, நிறைய உண்டால் குழந்தை பெரிதாகிப் பிரசவம் கடினமாகும் என்று உணவைக் குறைப்பதும் தீங்கானது. கேழ்வரகு, முருங்கைக்கீரை, பருப்பு, சுண்டல், முட்டை, மீன் ஆகியவற்றை அன்றாட உணவில் சேர்க்கவும். அங்கன்வாடியில் வழங்கப்படும் சத்துமாவும், மகப்பேறு நிதியுதவித் திட்டத்தின் ஊட்டச்சத்துப் பெட்டகமும் கர்ப்பிணிக்கே உரியவை. வீட்டிலுள்ள அனைவருக்கும் பங்கிடுவதற்கு அல்ல.

படுத்தவுடன் கால்களில் ஏதோ ஊர்வது போன்ற உணர்வும், கால்களை அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்ற தவிப்பும் சிலருக்கு உண்டாகும். இதற்கும் இரும்புச்சத்துக் குறைவு காரணமாக இருக்கலாம். "கால் குடைச்சல்" என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் கூறவும்.

இயல்பான சோர்வா, நோயின் அறிகுறியா?

உங்களையே நான்கு கேள்விகள் கேட்டுப் பாருங்கள்.

1. ஓய்வெடுத்தபின் சோர்வு ஓரளவேனும் தணிகிறதா?
2. சென்ற மாதம் எளிதாகச் செய்த வேலையை இம்மாதம் செய்தால் மூச்சு வாங்குகிறதா, நெஞ்சு படபடக்கிறதா?
3. படுத்தால் மூச்சு முட்டி, எழுந்து அமர்ந்தால் தணிகிறதா?
4. உறங்க நேரமும் வசதியும் இருந்தும் விடியுமுன்னே விழித்து, காரணமற்ற கவலையில் ஆழ்கிறீர்களா?

முதல் கேள்விக்கு "இல்லை" என்பதோ, மற்ற மூன்றில் ஒன்றுக்கு "ஆம்" என்பதோ விடையானால், அடுத்த பரிசோதனை நாள் வரை காத்திராமல் ஓரிரு நாட்களுக்குள் ஆரம்ப சுகாதார நிலையத்திற்குச் செல்லவும். மூச்சு முட்டுவதாயின் அன்றே செல்ல வேண்டும். ஹீமோகுளோபின், இரத்த அழுத்தம், சர்க்கரை, தைராய்டு, சிறுநீர் ஆகியவற்றுள் தேவையானவை பரிசோதிக்கப்படும். "அசதியாக இருக்கிறது" என்று மட்டும் சொல்லாமல், எப்போது தொடங்கியது, எவ்வேலையின்போது கூடுகிறது, இரவில் எத்தனை முறை எதனால் விழிக்கிறீர்கள் என்பதை ஒரு வாரம் குறித்து வைத்துச் சொன்னால் காரணத்தைக் கண்டறிவது எளிதாகும். புதிதாகப் பலத்த குறட்டை தொடங்கியிருந்தால் அதனையும் சொல்லுங்கள். இரத்த அழுத்தம் உயர்வதோடு அதற்குத் தொடர்பு இருக்கலாம்.

மனச்சோர்வையும் மறைக்க வேண்டாம்

இரண்டு வாரங்களுக்கு மேல் எதிலும் நாட்டமின்மை, அழுகை, பசியின்மை, "இக்குழந்தையை என்னால் வளர்க்க முடியாது" என்ற எண்ணம் ஆகியவை தொடர்ந்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். இது மனவலிமைக் குறைவு அன்று. சிகிச்சையால் குணமாகும் நோய். 14416 என்ற டெலி-மானஸ் எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தோன்றினால் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். குடும்பத்தினர் அவரைத் தனியே விடக் கூடாது. வீட்டில் நிகழும் வன்முறையால் உறக்கமின்றித் தவிப்பவர்கள் 181 என்ற மகளிர் உதவி எண்ணை அழைக்கலாம்.

குடும்பத்தினர் செய்ய வேண்டியவை

"நாங்கள் எல்லாம் பத்து மாதமும் வேலை செய்யவில்லையா?" என்ற சொல் பல கர்ப்பிணிகளின் வாயை அடைத்துவிடுகிறது. அவ்வாறு வேலை செய்த தலைமுறையில் எத்தனை தாய்மார்கள் இரத்தசோகையோடு வாழ்ந்தார்கள் என்பதை அன்று யாரும் அளந்து பார்க்கவில்லை. கர்ப்பிணிக்கு ஓய்வு சலுகை அன்று. அது சிகிச்சையின் ஒரு பகுதி.

• தண்ணீர் சுமத்தல், மாவு அரைத்தல், துணி துவைத்தல், மூத்த குழந்தையைப் பள்ளிக்கு அனுப்புதல் ஆகியவற்றைக் கணவரும் மற்றவர்களும் பகிர்ந்துகொள்ள வேண்டும்.
• எல்லோரும் உண்டபின் மிஞ்சியதை அவர் உண்ணும் வழக்கம் கூடாது. நேரத்தில், முதலில் அவர் உண்ணட்டும்.
• இரவில் தொலைக்காட்சி ஒலியைக் குறைத்து, அவர் படுக்க அமைதியான, காற்றோட்டமான இடம் தர வேண்டும்.
• மாத்திரை உட்கொண்டாரா என்று நினைவூட்டவும். பரிசோதனைக்கு உடன் செல்லவும்.
• அவர் "முடியவில்லை" என்று சொன்னால், அச்சொல்லை முதலில் நம்பவும்.

உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய அறிகுறிகள்

கீழ்க்காண்பவற்றுள் ஒன்று இருந்தாலும், இரவு நேரமாயினும், விடியட்டும் என்று காத்திராமல் 108 அவசர ஊர்தியை அழைக்கவும்.

• ஓய்வில் இருக்கும்போதே மூச்சுத்திணறல், நெஞ்சு வலி, மயக்கம்
• கடுமையான தலைவலி, பார்வை மங்கல், முகத்திலும் கைகளிலும் திடீர் வீக்கம், மேல்வயிற்று வலி, வலிப்பு
• இரத்தப்போக்கு அல்லது பனிக்குடம் உடைதல்
• குழந்தையின் அசைவு வழக்கத்தைவிடக் குறைதல் அல்லது நின்றுபோதல்
• கடும் காய்ச்சல்
• தண்ணீர்கூடத் தங்காத வாந்தி, சிறுநீர் மிகவும் குறைந்துபோதல்

கடைசி மாதங்களில் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் இரவில் கடும் அரிப்பு ஏற்பட்டு உறக்கம் கெட்டால், அதனை வெப்ப மிகுதி என்று விட்டுவிட வேண்டாம். அது கல்லீரல் சார்ந்த கோளாறாக இருக்கலாம். குழந்தைக்கும் ஆபத்து விளைவிக்கக்கூடும். மறுநாளே மருத்துவரைக் கண்டு இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளவும்.

ஐயங்கள் இருப்பின் உங்கள் பகுதி கிராம சுகாதாரச் செவிலியரிடம் கேளுங்கள். அல்லது 104 என்ற மருத்துவ உதவி எண்ணை அழையுங்கள். ஒவ்வொரு மாதமும் 9ஆம் நாள் அரசு மருத்துவ நிலையங்களில் பிரதமரின் பாதுகாப்பான தாய்மைத் திட்டத்தின்கீழ் நான்காம் மாதம் முதலான கர்ப்பிணிகளுக்கு மருத்துவர் கட்டணமின்றிப் பரிசோதனை செய்கிறார். அன்று செல்லும்போது உங்கள் தாய்-சேய் நல அட்டையை எடுத்துச் செல்லுங்கள். அதில் ஹீமோகுளோபின் அளவு குறிக்கப்பட்டுள்ளதா, அது சென்ற முறையைவிடக் கூடியிருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். குறைந்திருந்தால், அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று கேட்டறியாமல் வீடு திரும்ப வேண்டாம்.